பழைய மீட்டர் கேஜ் பிரேக் வேன்: கோளாறு வாரியாகச் சரிசெய்வது

அயோத்தியாப்பட்டினம் தாண்டி ஒரு மாந்தோப்பில், சேர்வராயன் மலை நேர் எதிரே தெரிகிற இடத்தில், நாற்பது அடித் தண்டவாளம் போட்டு அதன் மேல் ஒரு நாலு சக்கர பிரேக் வேனை, அதாவது ரயில் கார்டு உட்கார்ந்து பிரேக் பிடிக்கும் வண்டியை, நிறுத்தியிருக்கிறோம். எங்கள் பக்கத்தில் இதைக் கார்டு வண்டி என்றுதான் சொல்வார்கள். சேலம்–விருத்தாசலம் பாதை மீட்டர் கேஜாக (இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர்) இருந்தவரை கூட்ஸ் வண்டியின் வாலில் இப்படி ஒன்று ஆடிக்கொண்டே போகும். எல்லாப் பாதையையும் ஒரே அகலத்துக்கு மாற்ற 1992-இல் தொடங்கிய யூனிகேஜ் திட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு பாதையாக அகலமாகி, இன்று தமிழ்நாட்டில் மேட்டுப்பாளையம்–ஊட்டி மலைப்பாதை மட்டும்தான் மீட்டர் கேஜில் மிச்சம். மற்ற இடத்து வண்டிகள் இரும்புக்கடைக்குப் போயின. அப்படி ஒன்றை நண்பர் எடைக்கு வாங்கினார், நாங்கள் மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தோம். மேற்பார்வைக்கு ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர். அவரை நாங்கள் ஐயா என்போம், அவர் எங்கள் எல்லாரையும் "கண்ணு" என்பார். எங்களில் ஒரு கண்ணுக்கு ஐம்பத்தெட்டு வயது.

முதல் வருடம் முழுக்க நாங்கள் செய்தது ஒரே தப்பு. கோளாறு எங்கே தெரிந்ததோ அங்கேயே கை வைத்தோம். கதவு இறுகினால் கதவைச் சீவினோம், பெயின்ட் உப்பினால் மேலே இன்னொரு கோட் அடித்தோம், பிரேக் பிடிக்காவிட்டால் கட்டையை மாற்றினோம். காரணம் எல்லாவற்றுக்கும் வேறு எங்கோ இருந்தது. அதனால்தான் கீழே உள்ளதைக் கோளாறு வாரியாக எழுதுகிறேன்.

கை வைப்பதற்கு முன்

நாலு சக்கரத்துக்கும் இரண்டு பக்கமும் ஆப்புக் கட்டை வையுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள், சரிசெய்யப் போவதே அதைத்தான். வண்டியைத் தூக்கினால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. பழைய ஸ்லீப்பர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, பாரத்தை அதன் மேல் இறக்கிய பிறகுதான் உள்ளே தலையை விட வேண்டும்.

இன்னொன்று பழைய பெயின்ட். அந்தக் கால அடிப்பூச்சு பெரும்பாலும் ஈயச் செந்தூரம். அதைக் காய்ந்த நிலையில் தேய்த்தால் பறக்கிற தூசி முழுக்க ஈயம். தண்ணீர் தெளித்து ஈரமாகத்தான் சுரண்ட வேண்டும், நல்ல மாஸ்க் போட வேண்டும், கீழே தார்ப்பாய் விரித்து சுரண்டியதை மொத்தமாக அள்ள வேண்டும். தோப்பில் மாடு கட்டுகிறவர்கள் இதில் கொஞ்சம் கூடுதல் கவனமாக இருங்கள், உதிர்ந்த பெயின்டை மாடு நக்கும், ஈயம் மாட்டைக் கொல்லும்.

மழை பெய்தால் உள்ளே சொட்டுகிறது

சொட்டுகிற இடத்தை அண்ணாந்து பார்த்து அங்கேயே புட்டி அடிப்பதுதான் எல்லாரும் முதலில் செய்வது. நாங்களும் செய்தோம், இரண்டு தடவை. எங்கள் வண்டியின் கூரை, வளைந்த சட்டங்களின் மேல் நீளவாக்கில் பலகை அடுக்கி, அதற்கு மேல் கெட்டிப் பெயின்டில் கித்தானைப் பதித்து, ஓரத்தில் பட்டை வைத்து ஆணி அடித்தது. கித்தானில் ஓரிடத்தில் புகுந்த தண்ணீர் அங்கேயே கீழே இறங்காது. இரண்டு பலகை சேரும் காடி வழியாக நழுவிக்கொண்டே போய், ஒரு ஆணித் துளையோ சட்டமோ குறுக்கே வந்த பிறகுதான் சொட்டும். எங்களுக்கு கார்டு உட்காரும் இடத்துக்கு மேல் சொட்டியது. ஓட்டை இருந்தது ஐந்தடி தள்ளி, கூரையில் காற்றுக்காக வைத்த கூண்டின் அடியில். வண்டி அந்த மூலையில் கொஞ்சம் தாழ்ந்திருந்ததால் தண்ணீர் அந்தப் பக்கமாகவே ஓடியிருக்கிறது. இந்தத் தாழ்ந்த மூலையை நினைவில் வையுங்கள், மறுபடியும் வரும்.

கண்டுபிடிக்க ஒரு வழி. நல்ல வெயில் நாளில் ஹோஸ் பைப்பை எடுத்துக்கொண்டு கூரையின் தாழ்ந்த ஓரத்தில் தொடங்குங்கள். ஒரு இடத்துக்குப் பத்து நிமிடம், அவசரப்படாமல். அங்கே ஒழுகவில்லை என்றால் ஒரு முழம் மேலே போங்கள். உள்ளே ஒருவர் டார்ச்சும் சாக்பீஸுமாக நிற்கட்டும். உச்சியில் தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்தையும் தொட்டுக்கொண்டுதான் இறங்கும், எந்த இடத்தில் புகுந்தது என்று கடைசிவரை தெரியாது. கூண்டின் அடி, ஓரப்பட்டை ஆணிகள், கித்தான் ஒட்டுப்போட்ட இடம் ஆகிய மூன்றும்தான் வழக்கமான குற்றவாளிகள்.

சரி, ஓட்டை தெரிந்துவிட்டது. தார் பூசிவிடலாம் என்று ஒருவர் கட்டாயம் சொல்வார், பூசாதீர்கள். சேலத்து வெயிலில் தார் இளகும், ராத்திரியில் இறுகும், கொஞ்ச காலத்தில் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பில் இறங்கிய தண்ணீர் ஆவியாகப் போகக்கூட வழியில்லாமல் பலகையைச் சொதசொதவென்று ஆக்கிவிடும். ஓட்டை சின்னதாக இருந்தால், சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்குப் பழைய பெயின்டைச் சுரண்டிவிட்டு, பருத்திக் கித்தான் துண்டைக் கெட்டி எண்ணெய்ப் பெயின்டில் பதித்து மேலே இரண்டு கோட் கொடுத்தால் போதும். முழுக் கித்தானும் நொறுங்கினால் முழுசாக மாற்றத்தான் வேண்டும். நடுவில் தொடங்கி இரண்டு ஓரத்துக்கும் இழுத்துப் பதிக்க வேண்டும், ஆணி ஓரத்தில் மட்டும், கூரையின் மேல்பரப்பில் ஒன்றுகூடக் கூடாது. லாரித் தார்ப்பாய்க் கடையில் கேட்டால் பிளாஸ்டிக் பூசியதைத்தான் முதலில் எடுத்துப் போடுவார்கள். அதில் எண்ணெய்ப் பெயின்ட் ஊறாது. பருத்தி என்று கேட்டு, ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். சாம்பலானால் பருத்தி, உருகி உருண்டையானால் இல்லை.

கதவு இறுகுகிறது, ஜன்னல் பாதியில் நிற்கிறது

இழைப்புளியைக் கீழே வையுங்கள். முதலில் கதவுச் சட்டத்தின் மூலைக்கு மூலை டேப் பிடித்து இரண்டு குறுக்களவையும் பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் மரம் ஈரத்தில் ஊதியிருக்கிறது, கோடையில் தானாக விடும். சமமில்லை என்றால் கதவு சரியாகத்தான் இருக்கிறது, வண்டிதான் சாய்ந்திருக்கிறது. எங்களுக்கு 18 மி.மீ. வித்தியாசம். அது தெரிவதற்குள் கதவைச் சீவித் தொலைத்துவிட்டோம், பிறகு வண்டியை நிமிர்த்தியதும் அந்தச் சீவிய இடத்தில் விரல் நுழைகிற சந்து.

சாய்வுக்குக் காரணம் மூன்று இடத்தில் இருக்கலாம், கீழிருந்து பார்த்துக்கொண்டே வாருங்கள். கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணி டியூபை வாங்கி முதலில் தண்டவாளம் மட்டமா என்று பாருங்கள், தோப்பு மண் மழைக்கு அமுங்கும். தண்டவாளம் சரி என்றால் அடுத்து ஸ்பிரிங் பட்டைகள். நாலு சக்கரத்திலும் பட்டையின் நடுவிலிருந்து அடிச்சட்டம் வரை அளந்தால் எது தளர்ந்தது என்று தெரிந்துவிடும். நடுவில் ஒரு பட்டை உடைந்திருந்தால் வெளியிலிருந்து பார்க்கத் தெரியாது, துருக்கோடு ஒன்று குறுக்கே ஓடியிருக்கும், அவ்வளவுதான். லாரிப் பட்டை வேலை செய்கிறவர்கள் சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் நிறைய இருக்கிறார்கள், பழைய பட்டையைக் கொண்டுபோய் வளைவைக் காட்டினால் அதே போல் அடித்துக் கொடுப்பார்கள்.

இரண்டும் சரி என்றால் மூலைக்கால். மூலையில் நிற்கும் தேக்குக் கால் அடிச்சட்டத்தில் உட்காரும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். நல்ல தேக்கு முனையை உள்ளே விடாது. எங்களுடையதில் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி பிடிவரை போனது. வெளியே பெயின்ட் பளபளவென்று, உள்ளே வெறும் பொடி. கூரையில் ஒழுகிய தண்ணீர் பலகைக்குப் பின்னாலேயே இறங்கி வருடக்கணக்கில் இங்கே தங்கியிருக்கிறது. பொடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஈரமாக, நார் நாராக வந்தால் அழுகல். மண்ணும் சேர்ந்து வந்தால் கரையான், அதன் மண்பாதை ஸ்லீப்பர் கட்டை வழியாக எங்கோ ஏறிக்கொண்டிருக்கும், அதை அறுக்காமல் புது மரம் வைத்தால் அது விருந்துதான்.

முழுக் காலையும் மாற்ற வேண்டியதில்லை. அழுகியதற்கு மேல் ஒரு சாண் நல்ல மரம் வரை சாய்வாக வெட்டி, அதே சாய்வில் புதுத் தேக்குத் துண்டை இணைத்து போல்ட் போடலாம். பழைய மரம் எவ்வளவு மிஞ்சுமோ அவ்வளவும் மிஞ்சட்டும், அந்தத் தேக்கு இன்று காசு கொடுத்தாலும் கிடைக்காது.

ஜன்னல் பலகைகளை மட்டும் ஏற்காட்டில் ஒரு தச்சரிடம் கொடுத்துச் செய்தோம். வேலை அருமை. ஆனால் நவம்பரில், மழையும் மூடுபனியுமாக இருந்த நேரத்தில் செய்து கீழே கொண்டுவந்து மாட்டினோம். ஏப்ரலில் ஒவ்வொரு பலகைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. 1,500 மீட்டர் உயரத்து ஈரத்தில் அளந்த மரம் சேலத்துக் கோடையில் சுருங்காமல் என்ன செய்யும்? தப்பு தச்சருடையது இல்லை. மரத்தை முதலில் வண்டி நிற்கும் இடத்தில் இரண்டு மாதமாவது அடுக்கி வைத்துவிட்டுத்தான் அறுக்கக் கொடுத்திருக்க வேண்டும்.

பெயின்ட் கொப்புளம், இரும்புத் தகடு உப்பல்

கொப்புளத்தை உடைத்துப் பாருங்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் ஈரம் பின்னாலிருந்து வருகிறது, மேலே எதைப் பூசியும் பயனில்லை, கூரைக்குத் திரும்புங்கள். துரு இருந்தால் சுரண்டி, ரெட் ஆக்சைடு, பிறகு பெயின்ட்.

இரண்டு தகடு சேரும் இடத்தில் உப்பினால் விஷயம் வேறு. நடுவில் துரு வளர்கிறது. இரும்பு துருவானால் அதன் பருமன் பல மடங்காகும், அந்த நெரிசலில் ரிவெட்டே தெறிக்கும். ஐயா ரிவெட் பார்க்கும் விதம் இப்படி: ஒரு பக்கம் ரிவெட் தலையின் ஓரத்தில் இடது கை விரலை வைத்துக்கொள்வார், மறுபக்கம் சின்னச் சுத்தியலால் தட்டுவார். இறுக்கமான ரிவெட் 'டிங்' என்னும், விரலுக்கு ஒன்றும் தெரியாது. தளர்ந்தது 'டொக்' என்னும், விரல் நுனியில் ஒரு சின்ன அதிர்வு. நாற்பது ரிவெட்டில் ஆறை அப்படிப் பிடித்தார், நான் பார்த்து ஒன்றுகூடக் கண்டுபிடிக்கவில்லை.

வெல்டிங் வைக்க வேண்டி வந்தால் எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். சட்டத்தில் வெல்டிங், தண்டவாளத்தில் எர்த் என்று வைத்தால் கரண்ட் அச்சு பேரிங் வழியாகத்தான் போகும், பேரிங் போய்விடும். அப்புறம், வேலை முடிந்து ஒரு மணி நேரம் யாராவது அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். பலகைக்குப் பின்னால் விழுந்த பொறி புகையாமல் கனன்றுகொண்டே இருக்கும்.

ஹேண்ட் பிரேக் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிடிக்கவில்லை

இதுதான் பிரேக் வேனுக்கே உயிர், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உள்ளே நிற்கும் தூணில் சக்கரத்தைச் சுற்றினால் கீழே சதுர மரைத் தண்டு சுற்றும், அதில் ஒரு நட்டு ஏறும், நட்டு ஒரு நெம்புகோலை இழுக்கும், அது குறுக்குத் தண்டைத் திருப்பும், அங்கிருந்து இழுகம்பிகள் வழியாக வார்ப்பிரும்புக் கட்டை சக்கரத்தில் அழுந்தும். இத்தனை இணைப்புக்கும் நடுவில் பின்கள்.

ஒருவர் உள்ளே சக்கரத்தைச் சுற்ற, இன்னொருவர் அடியில் பார்க்கட்டும். தண்டு சுற்றுகிறது, நட்டு ஏறவில்லை என்றால் நட்டின் மரை போய்விட்டது, லேத்தில் புதிதாகத்தான் கடைய வேண்டும். நட்டு ஏறுகிறது, ஆனால் கட்டை சக்கரத்தைத் தொடவில்லை என்றால் ஆட்டம் பின்களில் இருக்கிறது. ஒவ்வொரு பின்னிலும் 2 மி.மீ. தேய்மானம் என்று வையுங்கள், ஏழு பின் இருந்தால் 14 மி.மீ. ஆயிற்று. கணக்கு அதோடு முடியவில்லை. கை பலத்தைப் பெருக்கத்தான் இந்த நெம்புகோல்கள் இருக்கின்றன. பலம் பெருகுகிற அளவுக்கு நகர்வு சுருங்கும், அதனால் கட்டைப் பக்கத்தில் 2 மி.மீ. ஆட்டத்தை எடுக்க மேலே பல சுற்றுச் சுற்ற வேண்டிவரும். ஆகவே பின்னை மாற்றத் தொடங்கினால் கட்டைப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். நாங்கள் கைக்கு எட்டியது என்று மேலிருந்து தொடங்கி, மூன்று பின் மாற்றியும் ஒரு வித்தியாசமும் தெரியாமல் ஐயாவிடம் திட்டு வாங்கினோம்.

"பின்னை மட்டும் மாத்துனா ஓட்டை சும்மா இருக்குமா கண்ணு? அதுவும் முட்டை மாதிரி ஆயிருக்கும் பாரு" என்றார். பார்த்தோம், அப்படித்தான் இருந்தது. ஓட்டையை வட்டமாகப் பெரிதாக்கி, உள்ளே புஷ் என்கிற இரும்பு வளையம் அடித்து, அதற்கேற்ற பின்னைக் கடைந்து போட்ட பிறகுதான் பிரேக் பிடித்தது. பின்னுக்குச் சாதாரணக் கம்பி வேண்டாம், ஈ.என். 8 எஃகு கேளுங்கள். ஒவ்வொரு பின்னுக்கும் வாஷர், காட்டர் பின் இரண்டும் கட்டாயம்.

சக்கரம் பாதி சுற்றில் இறுகி நின்றால் பலம் போட்டுத் திருப்பாதீர்கள், தண்டு முறுக்கிக்கொள்ளும். பழைய கிரீஸ் மெழுகு மாதிரி இறுகியிருக்கும். டீசலை ஊற்றி ஒரு நாள் விட்டு, முன்னும் பின்னுமாகக் கால் சுற்று, கால் சுற்று என்று ஆட்டிக்கொண்டே இருந்தால் விடும். ஒரு பக்கச் சக்கரத்தில் மட்டும் பிடித்தால் கட்டை தொங்கும் கொக்கியின் பின்னைப் பாருங்கள், இல்லையென்றால் குறுக்குச் சட்டம் வளைந்திருக்கும்.

வேக்குவம் ஏறவில்லை, ஏறினாலும் நிற்கவில்லை

முதலில் குனிந்து பாருங்கள். சில வண்டிகளில் குழாய் மட்டும்தான் ஓடும், சிலிண்டரே இருக்காது. எங்களுடையதில் இருந்தது. வேக்குவம் பிரேக்கின் சூட்சுமம் இவ்வளவுதான்: குழாயிலும் பிஸ்டனுக்கு மேலும் கீழும் காற்றை உறிஞ்சி வைத்திருக்கும்போது பிரேக் விட்டிருக்கும். குழாயில் காற்றை விட்டால் பிஸ்டனுக்குக் கீழே மட்டும் காற்று வரும், மேலே வேக்குவம் அப்படியே நிற்கும், பிஸ்டன் மேலே போய் பிரேக்கை இழுக்கும். ஓடும் வண்டியில் 510 மி.மீ. பாதரச அளவுக்கு உறிஞ்சி வைப்பார்கள்.

தோப்பில் இன்ஜினுக்கு எங்கே போவது? நண்பர் வீட்டில் மாட்டுக்குப் பால் கறக்கும் மெஷின் இருந்தது. அதன் பம்ப் 300–350 மி.மீ. வரை இழுக்கும், கசிவு பிடிக்க அது தாராளம். ஒரு முனையில் பம்ப், மறுமுனை ஹோஸ் பைப்பை அடைப்பானில் மாட்டிவிடுங்கள்.

முள் அசையவே இல்லை என்றால் மீட்டரை விரலால் தட்டுங்கள், முள் ஒட்டியிருக்கலாம். அதுவும் இல்லை என்றால் குழாய் எங்கோ அடைத்திருக்கிறது. எங்கள் குழாயில் குளவி மண் கூடு கட்டியிருந்தது, மூன்று கூடு, வரிசையாக.

கொஞ்சம் ஏறி நின்றுவிட்டால் கசிவு. சோப்புத் தண்ணீர் இங்கே உதவாது, காற்று உள்ளேதான் போகிறது, குமிழ் வராது. ஊதுபத்தி கொளுத்துங்கள். காற்றில்லாத விடியற்காலையில் ஒவ்வொரு இணைப்பாகப் பக்கத்தில் கொண்டுபோனால், கசியும் இடத்தில் நேராகப் போகிற புகை சட்டென்று வளைந்து உள்ளே இழுபடும். ஹோஸ் பைப் வாய் வாஷர், கார்டு கையில் இழுக்கும் வால்வின் இருக்கை, இந்த இரண்டிலும்தான் எங்களுக்குப் பெரும்பாலான கசிவு. டீசல் ஊற்றிய அன்றைக்கு இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

குழாயில் காற்றை விட்டதும் பிரேக் பிடித்து, சில நிமிடத்தில் தானாக இறங்கினால் சிலிண்டரின் மேல் அறையில் கசிவு. பிஸ்டனைச் சுற்றி உருளும் ரப்பர் வளையம் இறுகியிருக்கும் அல்லது முறுக்கிக்கொண்டிருக்கும். ரப்பர் கயிற்றை வெட்டி ஒட்டி வளையம் செய்யப் பார்த்தோம், ஒட்டு இருக்கும் இடத்தில் வளையம் உருளாமல் இழுபட்டுக் கிழிந்தது. அச்சில் வார்த்ததுதான் வேண்டும். வளையத்துக்கு எண்ணெயோ கிரீஸோ போடக் கூடாது, ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். கிராஃபைட் தூள் போதும். பிஸ்டன் மேலேயே நின்று பிரேக் விடவில்லை என்றால் ரிலீஸ் கம்பியை இழுத்துப் பாருங்கள், அதற்கும் இறங்காவிட்டால் சிலிண்டர் சுவரில் துரு.

நகர்த்தினால் ஒரு சக்கரம் கத்துகிறது, பெட்டி சுடுகிறது

டிராக்டரால் பத்தடி இழுத்துப் பார்ப்பதற்கு முன் நாலு ஆக்சில் பாக்ஸ் (அச்சின் முனை சுழலும் பெட்டி) மூடியையும் திறந்துவிடுங்கள். ரோலர் பேரிங் வண்டியென்றால் பழைய கிரீஸை எடுத்துப் புதிது வைக்க வேண்டியதுதான். பழைய பித்தளை பேரிங் வண்டியில் அச்சுக்கு மேல் வெள்ளீயம் பூசிய பித்தளை உட்கார்ந்திருக்கும், கீழே எண்ணெயில் ஊறிய கம்பளி நூல் பஞ்சு. எங்களுடையதைத் திறந்தால் பஞ்சு வறட்டி மாதிரி காய்ந்து கிடந்தது, அடியில் எண்ணெய்க்குக் கீழே தண்ணீர். புதுப் பஞ்சை ஒரு நாள் முழுக்க எண்ணெயில் ஊறவைத்து, பிழிந்து வைக்க வேண்டும், உலர் பஞ்சை வைத்து மேலே எண்ணெய் ஊற்றினால் அச்சுக்கு ஏறாது. வெள்ளீயம் உரிந்திருந்தால் வண்டியை நகர்த்தவே நகர்த்தாதீர்கள். பித்தளையைக் கழற்றி, வார்த்து, அச்சோடு பொருத்திச் சுரண்டி உட்காரவைக்க வேண்டும். அச்சு கழுத்தில் நகத்தால் கீறிப் பார்த்து வரி தட்டுப்பட்டால் அதுவும் லேத்துக்கு.

எங்களுக்கு அந்தத் தாழ்ந்த மூலையிலிருந்த பெட்டிதான் சுட்டது. பட்டை மாற்றி மூலையை நிமிர்த்திய பிறகு இருபதடி இழுத்து, கையை வைத்துப் பார்த்தோம். நாலு பெட்டியும் ஒரே மாதிரி வெதுவெதுப்பு. பின்விளக்கு இன்னும் கிடைக்கவில்லை, அதன் கொக்கியில் இப்போதைக்கு ஐயா தன் சட்டையை மாட்டுகிறார்.